பேட்டரி போட்டாச்சு, சர்ஜ் புரொடெக்டரும் போட்டாச்சு, ஆனா இடிஎஃப்ஏ-வுக்கு அப்புறம் இருக்கற ரிசீவர் மட்டும் செத்துக்கிட்டே இருக்கு

ரேக்ரூம்_நைட்

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சிட்டு ஒரு வழி சொல்லுங்க. நாலு நாளா சரியா தூக்கமே இல்ல.

செட்டப் இதுதான். 1550 நானோமீட்டர் வெளிச்சத்துல சிக்னல் அனுப்பற டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு, அதே ரூம்ல முதல் இடிஎஃப்ஏ, அதாவது வெளிச்சத்தைப் பெருக்கற ஃபைபர் ஆம்ப்ளிஃபையர் (அவுட்புட் 17 டிபிஎம்; டிபிஎம்னா வெளிச்சத்தோட பவர் அளவு, 0 டிபிஎம் 1 மில்லிவாட்), அங்கேர்ந்து 60 கிலோமீட்டர் ஃபைபர், அந்த முனையில ரெண்டாவது இடிஎஃப்ஏ. ரெண்டாவதோட இன்புட் +3, அவுட்புட் 20 டிபிஎம். அதை நாலா பிரிச்சு நாலு ரிசீவர், எல்லாமே பின் டைப் (வெளிச்சத்தைக் கரண்ட்டா மாத்தற போட்டோடையோடு). ஒரு கால், அதாவது பிரிஞ்சு போற ஒரு ஃபைபர், ரொம்ப கிட்ட, 3 கிலோமீட்டர்தான், அதனால வெளிச்சத்தைக் குறைக்கற 10 டிபி அட்டெனுவேட்டர் போட்டு +2 டிபிஎம் வர்ற மாதிரி வச்சிருக்கோம். மத்த மூணும் தூரம், -4 பக்கம் வரும்.

முன்னாடி ரெண்டு ஆம்ப்ளிஃபையரும் ஏசி லைன்லதான் ஓடுச்சு. கரண்ட் போய் வரும்போது ஒருதரம் முதல் ஆம்ப்ளிஃபையரோட பவர் சப்ளை போர்டு போச்சு, பிரிச்சுப் பார்த்தா எம்ஓவி (அதிக வோல்டேஜை உறிஞ்சற பாகம்) வெடிச்சு ஃபியூஸ் அவுட். சரி இனிமே இப்படி ஆகக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் டைப் 2 சர்ஜ் (திடீர்னு எகிறற வோல்டேஜ்) புரொடெக்டர் போட்டு, ரெண்டு ஆம்ப்ளிஃபையரையும் -48 வோல்ட் பேட்டரி லைனுக்கு மாத்திட்டோம். டிரான்ஸ்மிட்டருக்கு ஏசி இன்புட் மட்டும்தான் இருக்கு, அதனால அது பழைய யூபிஎஸ்லயே இருக்கு.

அதுக்கப்புறம் ஆம்ப்ளிஃபையர் ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது, ஒரு குறையும் இல்ல. ஆனா அந்தக் கிட்ட கால் ரிசீவர் மட்டும் மூணு போயிடுச்சு. முன்னாடி ஒண்ணுகூட போனதில்ல. மூணு தடவையும் டிரான்ஸ்மிட்டர் ரூம்ல கரண்ட் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போய்ட்டு வந்த நாள்தான். பவர் மீட்டர் வச்சு பார்த்தா அதே +2, துளி கூட மாறல. இன்புட் லாஸ் அலாரமும் ரெண்டாவது ஆம்ப்ளிஃபையர்ல வரவே இல்ல. ரிசீவர் பக்கம் எர்த்திங் ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன்.

சர்ஜ் எந்த வழியா உள்ள வருது? புரொடெக்டரை இன்னும் பெருசா போடணுமா?

மின்காப்பு

நண்பா, முதல்ல புரொடெக்டரை எப்படி வயர் பண்ணியிருக்கீங்கன்னு ஒரு போட்டோ போடுங்க. பத்துல எட்டு இடத்துல தப்பு அங்கதான் இருக்கு. பெரிய எஸ்பிடி (சர்ஜ் புரொடெக்டர்தான்) வாங்கி ரேக்குக்கு மேல அழகா மாட்டி, அங்கேர்ந்து எர்த் பாருக்கு ரெண்டு மீட்டர் வயரை சுத்தி வளைச்சு கொண்டு போயிருப்பாங்க. நேர் வயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கு. 8/20 மைக்ரோசெகண்ட் சர்ஜ்ல 5 கிலோஆம்ப் வந்தா, 8 மைக்ரோசெகண்டுல 5000 ஆம்ப் ஏறுது, அப்ப ஒவ்வொரு மீட்டர் வயர்லயும் 600 வோல்ட்டுக்கு மேல விழும். ரெண்டு மீட்டர்னா 1200 வோல்ட், எஸ்பிடி கிளாம்ப் பண்ற, அதாவது தடுத்து நிறுத்தற வோல்டேஜுக்கு மேல இதுவும் சேர்ந்து உங்க சாமான் தலையில இறங்கும். அதனாலதான் லைன்லேர்ந்து எர்த் வரைக்கும் மொத்த வயரும் அரை மீட்டருக்குள்ள இருக்கணும்னு சொல்றது. வயரை ரோல் போட்டு கட்டி வைக்கவே கூடாது.

ரெண்டாவது, எம்ஓவி தேயற சாமான். ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா பலவீனம் ஆகும், லீக்கேஜ் கூடும், சூடாகும். ஜன்னல்ல பச்சை தெரியுதுன்னா உள்ள இருக்கற தெர்மல் கட்-ஆஃப் இன்னும் கழண்டுக்கலன்னு மட்டும்தான் அர்த்தம், எம்ஓவி புதுசு மாதிரி இருக்குன்னு அர்த்தம் இல்ல. 275 வோல்ட்னு போட்ட எம்ஓவி கூட 700 வோல்ட் பக்கம்தான் கிளாம்ப் பண்ணும், அதை மனசுல வச்சுக்கோங்க.

மூணாவது, யாரும் பார்க்காத வழி ஒண்ணு இருக்கு, மேனேஜ்மெண்ட் போர்ட். பவர் லைனுக்கு எல்லாம் பண்ணிட்டு, எஸ்என்எம்பி வழியா சாமானோட நிலைமையைப் பார்க்க ஒரு ஈதர்நெட் கேபிளை அடுத்த ரூம் சுவிட்ச் வரைக்கும் இழுத்திருப்பாங்க. அந்த ரூமோட எர்த் வேற, இந்த ரேக்கோட எர்த் வேற, சர்ஜ் வர்ற நேரத்துல ரெண்டுக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல வோல்டேஜ் வித்தியாசம் வரும், ஈதர்நெட் போர்ட்டோட டிரான்ஸ்ஃபார்மர் ஐசோலேஷன் வழக்கமா 1500 வோல்ட்தான், அதைத் தாண்டினா போர்டுக்குள்ள புகுந்துடும். ரெண்டு ரூமையும் ஒரே எர்த் பார்ல பாண்ட் பண்ணுங்க, இல்ல அந்த இடத்துல மீடியா கன்வெர்ட்டர் வச்சு ஃபைபரா மாத்திடுங்க.

நூலிழை

ஃபைபர் கண்ணாடி, கரண்ட் கடத்தாது, அதனால அந்த வழியா எதுவும் வராது. மின்காப்பு சார் சொன்ன காப்பர் வழிகளை மட்டும் பாருங்க போதும்.

மின்காப்பு

@நூலிழை கண்ணாடி கடத்தாது, சரிதான். ஆனா கேபிளுக்குள்ள ஸ்டீல் ஆர்மர் இருக்கும், நடுவுல ஸ்டீல் கம்பி இருக்கும், அது ரெண்டும் நல்லாவே கடத்தும். பக்கத்துல இடி விழுந்தா கிலோமீட்டர் கணக்குல நீளமான கம்பில கரண்ட் ஓடி நேரா ரேக்குக்குள்ள வரும். கேபிள் கட்டடத்துக்குள்ள நுழையற இடத்துலயே ஆர்மரை வெட்டி எர்த்ல பாண்ட் பண்ணணும், ரேக் வரைக்கும் கொண்டு வரக்கூடாது. முழுசும் டைஎலெக்ட்ரிக் (உலோகமே இல்லாத) கேபிளா இருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

எர்பியம்68

மின்காப்பு சொன்னது ஒவ்வொண்ணும் சரி, கண்டிப்பா செய்யணும். ஆனா ரேக்ரூம் தம்பியோட கேஸ் அது இல்லன்னு எனக்குத் தோணுது. எலெக்ட்ரிக்கல் சர்ஜ் வந்திருந்தா அது ரெண்டு ஆம்ப்ளிஃபையரையும் விட்டுட்டு, அதுக்கு அப்புறம் இருக்கற நாலு ரிசீவர்ல சொல்லி வச்ச மாதிரி ஒண்ணை மட்டும், அதுவும் அதிகமா வெளிச்சம் வாங்கற ஒண்ணை மட்டும் மூணு தடவை தேடிப் பிடிச்சு அடிக்காது. அது மட்டும் இல்ல, கரண்ட் போனது டிரான்ஸ்மிட்டர் ரூம்ல, ரிசீவர் செத்தது 60 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்.

பதில் சொல்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் வேணும்:

செத்த ரிசீவர்ல போனது பவர் சப்ளையா, இல்ல போட்டோடையோடா? ரெண்டாவது ஆம்ப்ளிஃபையர் எந்த மோடுல ஓடுது, அவுட்புட் பவரை நிலையா வைக்கற மோடா, கெயினை (எத்தனை மடங்கு பெருக்கறதுங்கறதை) நிலையா வைக்கற மோடா, இல்ல பம்ப் (ஆம்ப்ளிஃபையருக்கு சக்தி ஏத்தற லேசர்) கரண்ட் நிலையா? இன்புட் லாஸ் அலாரத்தோட த்ரெஷோல்ட், அதாவது அது அடிக்கற எல்லை, எவ்வளவு? கரண்ட் போன அந்த நேரத்துல ஆம்ப்ளிஃபையர் லாக்ல இன்புட் ரீடிங்கும் பம்ப் கரண்ட் ரீடிங்கும் என்ன காட்டுது?

அலாரம் வரலன்னு சொன்னதை நம்பி விட்டுடாதீங்க, ரீடிங்கை பாருங்க.

ரேக்ரூம்_நைட்

@எர்பியம்68 அண்ணா, ரொம்ப நன்றி. ராத்திரியே லாக் எடுத்துப் பார்த்தேன்.

மூணு ரிசீவரும் பவர் சப்ளை ஓகே, எல்இடி எல்லாம் எரியுது. போட்டோடையோடுதான் போயிருக்கு, ரெண்டுல சிக்னலே இல்ல, ஒண்ணுல சிக்னல் வருது ஆனா பயங்கர நாய்ஸ்.

மோடு: அவுட்புட் நிலையா வைக்கறது. த்ரெஷோல்ட்: -20 டிபிஎம், ஃபேக்டரில வச்சது, நாங்க தொடல. முதல் ஆம்ப்ளிஃபையர்ல இன்புட் லாஸ் ஷட்டவுனே ஆஃப்ல இருக்கு, ஆரம்பத்துல இன்ஸ்டால் பண்ணும்போது சும்மா சும்மா டிரிப் ஆகுதுன்னு யாரோ ஆஃப் பண்ணியிருக்காங்க போல.

இப்ப லாக். கரண்ட் போன உடனே ரெண்டாவது ஆம்ப்ளிஃபையரோட இன்புட் +3-லேர்ந்து -8-க்கு இறங்குது. 40 செகண்ட் அங்கேயே நிக்குது, அப்புறம் திரும்ப +3. அந்த 40 செகண்டும் பம்ப் கரண்ட் 480 மில்லிஆம்ப்லேர்ந்து 750-க்கு ஏறி அங்கேயே ஒட்டிக்கிட்டு இருக்கு, 750தான் அதோட மேக்ஸிமம். நான் இதை முன்னாடியே பார்த்தேன், ஆனா அலாரம் வரலையே, இன்புட் முழுசா போகலையேன்னு விட்டுட்டேன். டிரான்ஸ்மிட்டர் ரீபூட் ஆக சரியா 40 செகண்ட்தான் ஆகும். ஆனா டிரான்ஸ்மிட்டர் செத்துக் கிடக்கற நேரத்துல -8 டிபிஎம் எங்கேர்ந்து வருது??

எர்பியம்68

அந்த -8தான் திருடன். பிடிச்சிட்டீங்க.

ஒவ்வொண்ணா வரேன். இடிஎஃப்ஏ-ங்கறது எர்பியம் கலந்த சில மீட்டர் ஃபைபர், அதை 980 இல்ல 1480 நானோமீட்டர் பம்ப் லேசர் வச்சு ஏத்திக்கிட்டே இருக்கோம். எர்பியம் அயனிகள் மேல் மட்டத்துக்குப் போய் உக்காந்திருக்கும், சிக்னல் வந்து தொட்டா கீழ இறங்கி அதோட சக்தியை சிக்னலுக்குக் கொடுத்துடும். அந்த மேல் மட்டத்துல அது ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் உக்காந்திருக்க முடியும், எலெக்ட்ரானிக்ஸ் கணக்குல அது ஒரு யுகம். சாதாரணமா சிக்னல் தொடர்ந்து வந்துக்கிட்டே இருக்கறதால ஏத்தறதும் இறக்கறதும் சமமா இருக்கும். மதகு திறந்திருக்கற ஏரி மாதிரி, வர்ற தண்ணி வந்துக்கிட்டு, போற தண்ணி போய்க்கிட்டு.

இப்ப சிக்னல் நின்னுடுச்சு, பம்ப் நிக்கல. மதகு மூடினாச்சு, வரத்து நிக்கல. சில மில்லிசெகண்டுக்குள்ள ஏரி தளும்பிடும். அப்ப கெயின் சாதாரணமா 17 டிபி இருந்தது 30 டிபி பக்கம் போய் நிக்கும். அந்த நிலைமையில சிக்னல் படார்னு திரும்பி வந்தா அதோட முதல் முனை அந்த முழு கெயினையும் வாங்கிக்கிட்டு வெளிய போகும், அப்புறம் மைக்ரோசெகண்ட் கணக்குல சக்தி தீர்ந்து பழைய அளவுக்கு இறங்கும். 10 டிபி கூடுதலா போனாலே பத்து மடங்கு. உங்க 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட், ஒரு நொடியோட சின்னத் துணுக்குக்கு 1 வாட். உங்க கிட்ட கால் ரிசீவர் +2 வாங்க வேண்டிய இடத்துல +12 வாங்கும். தூர கால் -4 வாங்கறது +6 வாங்கும். ரிசீவர் டேட்டாஷீட்ல டேமேஜ் லிமிட் எவ்வளவுன்னு பாருங்க, கதை அங்கேயே புரிஞ்சிடும்.

பவர் மீட்டர்ல இது தெரியவே தெரியாது. மீட்டர் ஒரு செகண்டுல சில தடவை சராசரி எடுத்துக் காட்டற சாமான், மைக்ரோசெகண்ட் துடிப்பு அதுக்குள்ள கரைஞ்சு போயிடும்.

இன்னொண்ணையும் கவனிங்க. ஏரி தளும்பறதுக்கு சில மில்லிசெகண்ட் போதும்ங்கறதால, சிக்னல் கால் செகண்ட் போனாலும் 40 செகண்ட் போனாலும் விளைவு ஒண்ணுதான். கரண்ட் ரொம்ப நேரம் போகலையேங்கற ஆறுதலுக்கு இடமே இல்ல.

இப்ப -8. சிக்னல் இல்லாதப்ப தளும்பி நிக்கற எர்பியம் சும்மா இருக்காது, தானாவே வெளிச்சத்தைக் கக்கும், அந்த வெளிச்சமே ஃபைபருக்குள்ள பெருகி வெளிய வரும். ஏஎஸ்இ-ன்னு சொல்றது இதைத்தான், மதகு இடுக்கு வழியா கசியற தண்ணி. உங்க முதல் ஆம்ப்ளிஃபையர் பேட்டரில உயிரோட இருக்கு, ஷட்டவுனும் ஆஃப், அதனால டிரான்ஸ்மிட்டர் செத்ததும் அது தளும்பி சில மில்லிவாட் ஏஎஸ்இ கக்கியிருக்கு. 60 கிலோமீட்டர்ல 14 டிபி இழந்து -8-ஆ வந்து சேருது. ரெண்டாவது ஆம்ப்ளிஃபையரோட இன்புட் டிடெக்டருக்கு ஏஎஸ்இ எது சிக்னல் எதுன்னு தெரியாது, வெளிச்சம் வருதா, எவ்வளவு, அவ்வளவுதான். -8-ங்கறது -20-க்கு மேல இருக்கு, அதனால அது "சிக்னல் இருக்கு"ன்னு நம்பிடுச்சு.

நம்பினதோட விடல. அவுட்புட் நிலையா வைக்கற மோடுல இருக்கறதால, ஐயோ அவுட்புட் குறையுதேன்னு பம்பை 750 வரைக்கும் மிதிச்சிடுச்சு. இந்த வேலைக்கு இதை விட மோசமான மோடு கிடையாது.

அப்ப 40-வது செகண்ட் டிரான்ஸ்மிட்டர் எழுந்திருச்சதும், முதல் ஆம்ப்ளிஃபையர் ஒரு துடிப்பு விட்டு, அது 60 கிலோமீட்டர் வந்து ஏற்கனவே தளும்பி நிக்கற ரெண்டாவதுக்குள்ள இறங்கி, அங்க இன்னும் கூர்மையாகி ரிசீவர்ல விழுந்திருக்கு. ஆம்ப்ளிஃபையர் தொடர் நீள நீள இந்த ஆட்டம் வேகமாகும், இது 90-கள்லேர்ந்தே நல்லா தெரிஞ்ச விஷயம்.

முன்னாடி ஏன் ஒண்ணும் ஆகலன்னு கேட்டீங்கல்ல? முன்னாடி கரண்ட் போனா முதல் ஆம்ப்ளிஃபையரும் டிரான்ஸ்மிட்டரோட சேர்ந்து செத்துச்சு. ஏஎஸ்இ கிடையாது, ரெண்டாவதோட இன்புட் நிஜமாவே இருட்டு, -20-க்கு கீழ போனதும் ஷட்டவுன் வேலை செஞ்சு பம்ப் அணைஞ்சுச்சு. ஆம்ப்ளிஃபையரை பேட்டரில போட்டு டிரான்ஸ்மிட்டரை விட்டுட்டீங்க, அந்த ஏற்றத்தாழ்வுதான் இதை உண்டாக்கியிருக்கு.

மின்காப்பு

அருமையான விளக்கம். நான் எலெக்ட்ரிக்கல் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆனா ஆரம்பப் புள்ளி கரண்ட்தானே, அந்த யூபிஎஸ்ஸை விட்டு வைக்காதீங்க. லைன்-இன்டராக்டிவ் டைப்பா இருந்தா பேட்டரிக்கு மாற சில மில்லிசெகண்ட் எடுக்கும், டிரான்ஸ்மிட்டர் சப்ளையோட கெபாசிட்டர் வயசாகியிருந்தா அந்த இடைவெளியைத் தாங்காம ரீபூட் ஆயிடும். ஆன்லைன் டபுள் கன்வெர்ஷன் யூபிஎஸ்ல அந்த இடைவெளியே கிடையாது. இல்ல உங்க -48 லைன்லேர்ந்தே ஒரு நல்ல இன்வெர்ட்டர் போட்டு டிரான்ஸ்மிட்டரை ஓட்டுங்க, அப்ப செத்தா எல்லாம் சேர்ந்து சாகும், எழுந்தா எல்லாம் சேர்ந்து எழும்.

ஸ்ப்ளைஸ்ட்ரே

இதைப் படிச்சதும் எனக்கு ஒரு பழைய விஷயம் உறைச்சுச்சு. நான் வேலைக்கு சேர்ந்த புதுசு, ரேக்ல கேபிள் ஒழுங்கு பண்ணிக்கிட்டு இருந்தேன், ஓடிக்கிட்டு இருந்த ஆம்ப்ளிஃபையரோட இன்புட் பேட்ச் கார்டை கழட்டி, வேற வழியா சுத்தி திரும்ப மாட்டினேன். பத்து செகண்ட் வேலை. மாட்டின உடனே அவுட்புட் 2 டிபி குறைஞ்சு போச்சு. என்னன்னே புரியல. அப்புறம் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு அவுட்புட் கனெக்டரை மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பார்த்தோம். வெள்ளை ஃபெரூல் (கனெக்டரோட முனை), நடுவுல சாம்பல் வட்டமா கிளாடிங் (வெளிக் கண்ணாடி), அதுக்கு நட்ட நடுவுல வெளிச்சம் ஓடற கோர் இருக்கற இடத்துல ஊசி முனையால சுட்டு வச்ச மாதிரி ஒரு கருப்புக் குழி, அதைச் சுத்தி புகை படிஞ்ச வளையம். எத்தனை தடவை துடைச்சாலும் போகல. என் கனெக்டர் அழுக்கா இருந்திருக்கும்னு சீனியர் சொன்னார், நானும் இத்தனை வருஷமா அழுக்குதான் காரணம்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். இது அதுதானா?

எர்பியம்68

@ஸ்ப்ளைஸ்ட்ரே ரெண்டும் சேர்ந்து. சுத்தமான முனையா இருந்தா பெரும்பாலும் தாங்கியிருக்கும், அழுக்கு இருந்ததால அது வெளிச்சத்தை உறிஞ்சி எரிஞ்சு கண்ணாடியோட உருகிடுச்சு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 1550-ல சாதாரண சிங்கிள் மோட் ஃபைபர்ல வெளிச்சம் ஓடற வட்டத்தோட விட்டம் 10 மைக்ரான் சொச்சம். வெறும் 200 மில்லிவாட்டை அந்தப் பரப்புக்குள்ள அடைச்சா சதுர சென்டிமீட்டருக்கு 2 லட்சம் வாட்டுக்கு மேல வருது. இது அமைதியா ஓடற நேரத்துல. துடிப்பு வந்தா அதைப் பத்தால பெருக்கிக்கோங்க. அங்க ஒரு தூசி உக்காந்திருந்தா அதோட கதி என்ன.

நீங்க பண்ண மாதிரி இன்புட்டை கழட்டி மாட்டறது கரண்ட் போறதை விட மோசம்கூட சொல்லலாம், ஏன்னா கையால மாட்டும்போது ஃபெரூல் உள்ள போற நேரத்துல வெளிச்சம் வந்து வந்து போகும். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு துடிப்பு. எனக்குத் தெரிஞ்சு இடிஎஃப்ஏ கிட்ட வேலை செய்யற ஆளு முதல்ல மனப்பாடம் பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு: பம்பை ஆஃப் பண்ணாம இன்புட் பக்கம் கை வைக்கக் கூடாது.

நூலிழை

இந்த அளவு பவர்ல ஃபைபரே எரிஞ்சுக்கிட்டு ஓடும்னு சொல்வாங்களே, அது இதுதானா? நான் முன்னாடி சொன்னதுக்கு மன்னிக்கணும், இவ்வளவு இருக்கும்னு தெரியாது.

எர்பியம்68

மன்னிப்பெல்லாம் எதுக்கு, நல்ல கேள்வி. நீங்க சொல்றது ஃபைபர் ஃபியூஸ். அது வேற. ஏதோ ஒரு இடத்துல கோர் சூடாகி பிளாஸ்மா மாதிரி ஒரு ஒளிப்பொட்டு உண்டாகி, லேசர் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமா செகண்டுக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகத்துல நடந்து வரும், வர்ற வழியெல்லாம் கோர்ல வரிசையா குமிழ் விட்டுட்டு வரும், அந்த ஃபைபர் அவ்வளவுதான். 80-கள் கடைசியிலயே கண்டுபிடிச்சாச்சு. சாதாரண ஃபைபர்ல அது நடக்கறதுக்கு 1 வாட்டுக்கு மேல தொடர்ந்து ஓடணும், ஒரு மைக்ரோசெகண்ட் துடிப்புல அது தொடர்ந்து ஓடாது. 20 டிபிஎம் செட்டப்ல அதைப் பத்தி கவலைப்பட வேண்டாம். ராமன் பம்ப் (ஓடற ஃபைபரையே ஆம்ப்ளிஃபையரா மாத்தற பெரிய லேசர்), 30 டிபிஎம்-க்கு மேல போற ஆம்ப்ளிஃபையர் வச்சிருக்கறவங்க கவலைப்படணும்.

ரேக்ரூம் தம்பிக்கு, இப்ப என்ன செய்யணும்னு சொல்றேன்.

முதல் ஆம்ப்ளிஃபையர்ல இன்புட் லாஸ் ஷட்டவுனை ஆன் பண்ணுங்க. சும்மா சும்மா டிரிப் ஆச்சுன்னா த்ரெஷோல்டை தப்பா வச்சிருப்பாங்க, அதுக்காக காவலையே எடுத்துடறது சரியில்ல. டிரான்ஸ்மிட்டர்லேர்ந்து வர்ற அளவுக்கு 5, 6 டிபி கீழ வையுங்க. ரெண்டாவதுக்கு உங்க சாதாரண இன்புட் +3, ஏஎஸ்இ மட்டும் வந்தா -8, ரெண்டுக்கும் நடுவுலதான் கோடு போடணும். -3-ல அணையட்டும், -1-க்கு மேல வந்தாதான் திரும்ப எரியட்டும், அந்த 2 டிபி இடைவெளி இல்லன்னா கோட்டு மேலயே நின்னு அணைஞ்சு எரிஞ்சு ஆடும். நாளைக்கு ஃபைபர்ல ஒரு ஸ்ப்ளைஸ் (ஒட்டு) கெட்டு இன்புட் 3, 4 டிபி குறைஞ்சாலும் தாங்கும்.

மோடை மாத்துங்க. கெயின் நிலையா வைக்கற மோடு இருந்தா அதுதான் நல்லது, இன்புட் குறைஞ்சா அவுட்புட்டும் குறையட்டும்னு அது பம்பை தானா இறக்கிடும். உங்க மாடல்ல அது இல்லன்னா பம்ப் கரண்ட் நிலையா வைக்கற மோடு, அதுவாவது மேல ஏத்தாம இருக்கும்.

திரும்ப எரியறது மெதுவா இருக்கணும். சிக்னல் வந்து நிலையான பிறகு, ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் காத்திருந்து, பம்ப் பூஜ்யத்துலேர்ந்து படிப்படியா ஏறணும். சிக்னல் ஏற்கனவே உள்ள ஓடிக்கிட்டு இருக்கும்போது பம்ப் ஏறினா ஏறற சக்தி அப்பப்ப போய்க்கிட்டே இருக்கும், தேங்காது, துடிப்பும் வராது. இதோட பம்ப் லேசருக்கும் இது நல்லது, அந்த டையோடு ரிவர்ஸ்ல 2 வோல்ட் கூட தாங்காத சாமான், ஃபார்வர்ட்ல ஒரு நானோசெகண்ட் கூர் முனை வந்தாலே முகப்பு எரிஞ்சு போயிடும். டெக், அதாவது அதோட குளிர் தட்டு, 25 டிகிரிக்கு வந்து நிக்கறதுக்கு முன்னாடி பம்ப் எரியவே கூடாது, நல்ல டிரைவர்ல அது உள்ளேயே இருக்கும், உங்க மேனுவல்ல ஒருதரம் உறுதி பண்ணிக்கோங்க.

கிட்ட கால்ல இன்னொரு 6 டிபி அட்டெனுவேட்டர். +2 எதுக்கு? ரிசீவர் -4-ல நல்லா வேலை செய்யுதுன்னு மத்த மூணு காலே சாட்சி. அந்த 6 டிபி உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லாம கிடைக்கற பாதுகாப்பு.

கடைசியா, ரிசீவரை மாட்டி வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. அந்தக் காலை கழட்டி, 30 டிபி அட்டெனுவேட்டர் வச்சு, வேகமான போட்டோடையோடு ஒண்ணை ஆஸிலாஸ்கோப்ல மாட்டி, டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க. மாத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு, மாத்தின பிறகு ஒண்ணு.

மின்காப்பு

ஒண்ணு சேர்த்துக்கறேன், கண்ணு. 1550 கண்ணுக்குத் தெரியாது, சிவப்பா எதுவும் தெரியலையேன்னு முனையைத் தூக்கிப் பார்த்துடாதீங்க. கனெக்டர் பார்க்கறதா இருந்தா பம்ப் ஆஃப், மீட்டர் வச்சு இருட்டுன்னு உறுதி, அப்புறம் கேமரா ஸ்கோப். நேரா கண்ணு வைக்கற பழைய ஸ்கோப்பை இந்த ரூம்லேர்ந்தே எடுத்துடுங்க. ஆட்டோ ஷட்டவுன் ரீஸ்டார்ட்டுக்கெல்லாம் ஜி.664-ன்னு ஐடியு-டி (சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு) பரிந்துரை ஒண்ணு இருக்கு, லேசர் பாதுகாப்புக்கு ஐஈசி 60825-2, ரெண்டையும் படிச்சு வச்சிருக்கறது நல்லது. ஆனா ஒண்ணை மறக்காதீங்க, அதெல்லாம் ஃபைபர் அறுந்து கிடக்கும்போது ஆளைக் காப்பாத்த எழுதினது, ரிசீவரைக் காப்பாத்த இல்ல. ஷட்டவுன் இருக்குன்னு மேனுவல்ல பார்த்தாலும் அது எவ்வளவு சீக்கிரம் அணையுதுன்னு தனியா பாருங்க.

ரேக்ரூம்_நைட்

எல்லாருக்கும் கும்பிடு. நேத்து ராத்திரி மெயின்டனன்ஸ் நேரம் வாங்கி எல்லாத்தையும் பண்ணிட்டேன், பார்த்ததை அப்படியே எழுதறேன், பின்னாடி யாருக்காவது உதவும்.

முதல்ல எதையும் மாத்தாம ஆஸிலாஸ்கோப் வச்சுப் பார்த்தேன். டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். 40 செகண்ட் ஸ்கோப்ல தட்டையான கோடு, அப்புறம் ஒரே ஒரு முள்ளு, செங்குத்தா, திரைக்கு மேல போயிடுச்சு. ஸ்கேலை மாத்தி மாத்தி நாலாவது தடவைதான் முழுசா பிடிக்க முடிஞ்சுது. நிலையான அளவை விட 12 மடங்கு. ஏறினது எவ்வளவு வேகம்னா என் டையோடு காட்டற வேகமா அதோட வேகமான்னே சொல்ல முடியல, இறங்க சில பத்து மைக்ரோசெகண்ட் ஆச்சு. மூணு ரிசீவரைக் கொன்னது இதுதான்னு கண்ணால பார்த்தப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் மூணு வாரமா எர்த் பிட்டுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் முதல் ஆம்ப்ளிஃபையர் ஷட்டவுன் ஆன், ரெண்டாவதுல -3 / -1, கெயின் மோடு, ரீஸ்டார்ட் டிலே 2 செகண்ட். திரும்ப அதே டெஸ்ட். டிரான்ஸ்மிட்டர் போனதும் ரெண்டு பம்பும் பூஜ்யம். வந்ததும் ரெண்டு செகண்ட் ஒண்ணும் இல்ல, அப்புறம் சாய்வா ஒரு கோடு மெல்ல ஏறி நின்னுச்சு. முள்ளு இல்ல. பத்து தடவை பண்ணினேன், பத்துலயும் இல்ல. சந்தேகத்துக்கு இன்புட் பேட்ச் கார்டையும் கழட்டி மாட்டிப் பார்த்தேன் (ரிசீவர் எதுவும் மாட்டல, ஸ்கோப் மட்டும்தான்), அதுல ஒரு தடவை மட்டும் ரெண்டு மடங்கு அளவுக்கு ஒரு சின்ன மேடு வந்துச்சு, மத்தபடி சுத்தம்.

டிரான்ஸ்மிட்டருக்கு இன்வெர்ட்டர் கேட்டிருக்கேன். மின்காப்பு சார், எஸ்பிடி வயர் அளந்தேன், 1 மீட்டர் 70 சென்டிமீட்டர், ரோல் போட்டு கட்டியிருந்துச்சு. வெட்டி 40 சென்டிமீட்டர் ஆக்கிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. தூர கால் ரிசீவர் மூணும் இதே அடியை மூணு தடவை வாங்கியிருக்கு, +6 அளவுக்கு. வேலை செய்யுது. அப்படியே விடலாமா?

எர்பியம்68

அந்த சின்ன மேடு, கையால மாட்டும்போது வெளிச்சம் சில மில்லிசெகண்ட் போய் வந்ததால. பம்ப் அணைஞ்சாலும் எர்பியம்ல மிச்சம் இருக்கற சக்தி 10 மில்லிசெகண்ட் கணக்குல மெதுவாத்தான் வடியும், அதுக்குள்ள சிக்னல் திரும்பினா கொஞ்சம் எகிறும். ரெண்டு மடங்குன்னா 3 டிபி, ரிசீவர் தாங்கும். ஆனா பேட்ச் கார்டுல கை வைக்கறதுன்னா பம்ப் ஆஃப், அதுல மாற்றமே இல்ல.

தூர கால் ரிசீவரை விடாதீங்க. முழுசா சாகாம அரைகுறையா அடிபட்ட போட்டோடையோடு டார்க் கரண்ட் (வெளிச்சம் இல்லாதப்பவும் கசியற கரண்ட்) கூடி நாய்ஸ் ஏறிப் போய் நிக்கும், உங்க மூணுல ஒண்ணு அப்படித்தானே இருந்துச்சு. வேரியபிள் அட்டெனுவேட்டர் வச்சு ஒவ்வொண்ணுக்கும் வெளிச்சத்தைக் குறைச்சுக்கிட்டே போய் எந்த அளவுல சிக்னல் உடையுதுன்னு பாருங்க, புதுசா இருந்தப்ப எடுத்த ரீடிங் இருந்தா அதோட ஒப்பிடுங்க. 1 டிபிக்கு மேல வித்தியாசம் வந்தா அதை ஸ்பேரா தள்ளிட்டு நல்லதை மாட்டுங்க. அப்புறம் ரெண்டாவது ஆம்ப்ளிஃபையரோட அவுட்புட் கனெக்டர், ஸ்ப்ளிட்டர் இன்புட் கனெக்டர், அந்த ரெண்டு முனைதான் முழு அடியையும் வாங்கினது, அதைப் பார்த்தீங்களா?

ரேக்ரூம்_நைட்

இப்பதான் பம்பை அணைச்சிட்டு பார்த்தேன் அண்ணா. ஆம்ப்ளிஃபையர் அவுட்புட் சுத்தம். ஸ்ப்ளிட்டர் இன்புட்ல ஸ்ப்ளைஸ்ட்ரே சொன்ன அதே கருப்புப் பொட்டு இருக்கு, அவ்வளவு பெருசு இல்ல, ஆனா துடைச்சா போகல. மீட்டர்ல 0.4 டிபி அதிகமா தின்னுது. புது பிக்டெயில் (ஒரு முனையில கனெக்டர் இருக்கற ஃபைபர் துண்டு) எடுத்து வச்சிட்டேன், நாளை ராத்திரி வெட்டி ஸ்ப்ளைஸ் பண்ணிட்டு ரிசீவர் மூணையும் அட்டெனுவேட்டர் வச்சு பார்த்துட்டு ரீடிங் போடறேன்.